ரோஷம் என்பது குற்றமா?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் எழுதுவது)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, "சி.என்.சி. இயந்திரங்களின் எதிர்காலம்" என்று தலைப்புக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு நாள் உட்கார்ந்தும் ஒரு பக்கம்கூட நகரவில்லை. மனதுக்குள் வேறொரு விஷயம் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பொறியியல் கட்டுரையை எதிர்பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு தொழிற்சாலைப் பயிற்சிக்காகப் பதினைந்து நாள் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். பிரஸ் ஷாப்பில் நிற்கச் சொன்னார்கள். அங்கே ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரு பெரியவர். வயது ஐம்பதை நெருங்கும். தகடு தள்ளித் தள்ளி அவருடைய கையுறை உள்ளங்கைப் பக்கம் கிழிந்து தொங்கியது. புதுசு ஒன்று கேட்டார். சூபர்வைசர் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்தான்; இருபத்தைந்து வயது இருக்கலாம்.

"போன வாரம்தானடா குடுத்தேன்? கையுறையத் திங்கிறியா?"

ஷாப்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "மரியாதையாப் பேசுங்க சார்" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

"பாருங்கய்யா இவரு ரோஷத்தை! இங்க எமோஷனல் ஆகுற வேலையெல்லாம் வச்சுக்காதீங்க. புடிக்கலையா, கேட் அந்தப் பக்கம் இருக்கு."

பெரியவர் கேட் பக்கம் போகவில்லை. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அதே கிழிந்த கையுறையோடு மறுபடி மெஷினில் நின்றார். சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சம்பளம் கம்மின்னு நான் என்னிக்கும் வருத்தப்பட்டதில்ல தம்பி. எம் மகன் வயசு அந்தப் பையனுக்கு. அவன் வாயால, இத்தனை பேரு முன்னாடி..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். டிபன் பாக்ஸை மூடிவிட்டார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த சூபர்வைசர்தானே! வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம்தான் இந்தக் கட்டுரை.

"உணர்ச்சிவசப்படாதே." வீட்டில், வகுப்பில், வேலையில் நாம் அடிக்கடி கேட்கிற அறிவுரை இது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இந்த வார்த்தை எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கித்தான் வரும். முதலாளிக்கு லாபம் குறைந்து எரிச்சல் வந்தால் அதன் பெயர் 'நிர்வாகத்தின் கவலை'. அதிகாரி மேஜையைத் தட்டினால் அதன் பெயர் 'கண்டிப்பு'. தொழிலாளி குரலை உயர்த்தினால் மட்டும் 'உணர்ச்சிவசம்'! அந்த ஷாப்பில் அன்றைக்கு முதலில் கத்தியவர் யார்? சூபர்வைசர். உணர்ச்சிவசப்பட்டவர் என்று பெயர் வாங்கியவர் யார்? பெரியவர்.

உணர்ச்சி வேறு, அறிவு வேறு. போராட்டம் செய்கிறவன் உணர்ச்சியால் செய்கிறான், நிர்வாகம் செய்கிறவன் அறிவால் செய்கிறான் என்று நம் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இது தவறு என்பதே என் கட்சி. ரோஷம் என்பது அறிவு கெட்ட நிலை அல்ல. 'எனக்கு நியாயமாகச் சேர வேண்டியது சேரவில்லை' என்று ஒரு மனிதனின் உடம்பே போட்டுப் பார்க்கிற கணக்கு அது. வாய் அதைச் சொல்லக் கற்றுக்கொள்வதற்கு முன்பே முகம் சிவந்து சொல்லிவிடுகிறது.

இதை எனக்கு முதலில் சொன்னவர் எந்தப் பேராசிரியரும் அல்ல. போடியில் இருக்கும் என் அத்தை. போடிமெட்டு வழியாக இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போகிற பெண்களில் ஒருவராக இருந்தவர். 2015 செப்டம்பரில் நான் சின்னப் பையன். அத்தை வீட்டு டி.வி.யில் மூணாறு கடைத்தெருவைக் காட்டினார்கள். தெரு முழுக்கப் பெண்கள். தரையில் உட்கார்ந்து தமிழில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏன் அத்தை இவ்வளவு கோவமாக் கத்துறாங்க?" என்று கேட்டேன். அத்தை டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கத்துறாளுகன்னு நெனைக்காத மருமகனே. கணக்குச் சொல்றாளுக."

அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளுகிற பெண்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணிகளின் பின்னால் மலையேறிய குடும்பங்களின் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள். 2015-இல் அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து கிள்ளிக் காட்ட வேண்டும். அட்டைக்கடி, பனி, முதுகில் சுமை எல்லாம் கணக்கில் சேராது. அந்த ஆண்டு கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி போனஸ் 10 சதவீதம் என்றது. பெண்கள் 20 சதவீதம் கேட்டார்கள். நாள் கூலியை 500 ரூபாயாக்கச் சொன்னார்கள். 2005-இல் டாட்டா டீ நிறுவனம் அங்கிருந்து விலகியபோது, ஊழியர்களையும் பங்குதாரர்களாகச் சேர்த்துத் தொடங்கப்பட்ட கம்பெனி அது என்பதையும் நினைவில் வையுங்கள். காகிதத்தில் அவர்களும் முதலாளிகள்! லயத்தில் ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும்தான் அந்த முதலாளிகளின் மாளிகை.

பிறகு ஏன் அத்தனை காலம் பேசாமல் இருந்தார்கள்? பயம். இந்தப் பயத்துக்கும் ஒரு அடிப்படை இருக்கிறது. லயம் கம்பெனியுடையது. வேலை இருக்கிறவரைதான் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அதனால்தான் பல வீடுகளில் அம்மா இறங்கும்போது மகளோ மருமகளோ கூடையைத் தூக்க வேண்டியிருந்தது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அங்கே ஒரு செண்ட் நிலம் சொந்தமில்லை. ஓட்டு உண்டு, ரேஷன் கார்டு உண்டு; கால் ஊன்ற இடம் இல்லை. ஆக, பயம் என்பதும் ஒரு உணர்ச்சிதானே? அந்த உணர்ச்சியை வைத்துத் தோட்டம் பல தலைமுறை அமைதியாக ஓடியபோது, "உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்று யாராவது சொன்னார்களா? தொழிலாளியின் பயம் நிர்வாகத்துக்குப் பிடித்த உணர்ச்சி. அவனுடைய கோபம்தான் பிடிக்காத உணர்ச்சி.

ஒன்பது நாள் அந்தப் பெண்கள் மூணாற்றை விட்டு நகரவில்லை. கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை நின்றது. சுற்றுலாக்காரர்களின் கார்கள் நின்றன. அவர்கள் செய்த இன்னொரு காரியம்தான் கேரளத்தையே திடுக்கிட வைத்தது. அங்கிருந்த தொழிற்சங்கங்களின் தலைவர்களைத் தங்கள் பக்கத்தில் உட்காரவே விடவில்லை. எங்கள் பெயரைச் சொல்லி எங்களுக்குத் தெரியாமல் பேசி முடிக்கிறீர்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. கம்பெனி மேல் கோபம். சங்கத் தலைவர்கள் மேல் அதைவிட ஆழமான மனவேதனை. அந்நியன் ஏமாற்றினால் கோபம்தான் வரும். நம் ஆள் ஏமாற்றினான் என்று தோன்றும்போதுதான் நெஞ்சு எரியும். 'பெம்பிளை ஒருமை' என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வந்தது. பெண்களின் ஒற்றுமை என்று பொருள்.

தனியாக லயத்தில் படுத்திருக்கும்போது மலை போல இருந்த பயம், ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்தபோது பங்கு பிரிந்து கடுகாகிவிட்டது. வகுப்பில் படித்தோமே, பாரத்தைப் பல தூண்களுக்குப் பிரித்துவிட்டால் ஒரு தூணும் முறியாது என்று! மனிதருக்கும் அதே விதிதான்.

2015 செப்டம்பர் 13-ஆம் தேதி அரசு முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை. மொத்தம் 20 சதவீதம். அக்டோபரில் நாள் கூலி 301 ரூபாயானது. கேட்ட 500 கிடைக்கவில்லை. ஆனால் அத்தை சொன்ன கணக்கு சரியாக இருந்தது என்பதை அரசாங்கமே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டது.

இந்த இடத்தில் என் அறைத் தோழன் ஒரு கேள்வி கேட்டான். "எல்லாம் சரிடா. உணர்ச்சி பஸ்ஸைக் கொளுத்தவும் செய்யுமே? பக்கத்து வீட்டுக்காரனை வெட்டவும் செய்யுமே? அதுக்கு என்ன சொல்ற?"

நியாயமான கேள்வி. அவனுக்குப் பதில் சொல்ல நான் நம் ஊர்ச் சரித்திரத்துக்கே போனேன். சென்னையில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. பி அண்ட் சி மில் என்பார்கள். அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அதே மில்லில் 1921-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. அவர்களுக்கு அவர்களுடைய காரணங்கள் இருந்தன. சங்கத்தில் கூட நின்றவன் தெருவில் தன்னைத் தள்ளி வைப்பதை அவர்கள் மறந்துவிட முடியுமா? முதலாளியை நோக்கி எழுந்த கோபம் புளியந்தோப்புக் குடிசைகளை நோக்கித் திரும்பியது. குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் போயின. வேலைநிறுத்தமும் தோற்றது. வென்றவர் மில் முதலாளி ஒருவர்தான்.

அன்றும் உணர்ச்சிதான், மூணாற்றிலும் உணர்ச்சிதான். வித்தியாசம் எங்கே? கோபத்துக்குச் சரியான விலாசம் வேண்டும், நண்பர்களே. விலாசம் தப்பிய கடிதம் வேறு யார் வீட்டிலோ போய் விழும். 1921-இல் சாதி என்ற பழைய விலாசம் உறையின்மேல் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருந்தது. தொழிலாளர்கள் அதை அடித்துத் திருத்தவில்லை. ஆகவே என் தோழனுக்கு என் பதில் இதுதான்: உணர்ச்சியை அணைப்பது தீர்வல்ல. அதை யார்மேல், எதற்காக என்று கூடி உட்கார்ந்து பேசித் தெளிவதே தீர்வு. அப்படிப் பேசுகிற இடத்துக்குப் பெயர்தான் சங்கம். பாய்லரில் நீராவி ஆபத்து என்பதற்காக யாரும் நெருப்பை அணைத்துவிட்டு மில் ஓட்டுவதில்லை. குழாய் போட்டு வழி செய்து கொடுக்கிறோம். சேஃப்டி வால்வை ஆணியடித்து மூடி வைத்தால்தான் பாய்லர் வெடிக்கும்.

இதற்குச் சமீபத்திய சாட்சியும் இருக்கிறது. 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வும் கேட்டார்கள். ஆனால் முதன்மையான கோரிக்கை, 'எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள்' என்பது. யோசித்துப் பாருங்கள்: தங்களுக்கென்று ஒரு சங்கம், அதற்கு ஒரு பெயர், அந்தப் பெயரில் பேச்சுவார்த்தை மேஜையில் ஒரு நாற்காலி. அதற்காக ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இழக்கத் துணிந்தார்கள். வெறும் காசுக் கணக்குப் போட்டால் இது அசட்டுத்தனமாகத் தெரியும். மானக் கணக்குப் போட்டால்தான் விளங்கும். 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவு செய்யப்பட்டது.

இனி கடைசி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ரோஷம் தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிடுவதில்லை. அது மனிதனைக் குடிமகனாகவும் ஆக்குகிறது.

மறுபடியும் மூணாறு. அதே 2015 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல். வீதியில் உட்கார்ந்த பெண்களில் சிலர் வேட்பாளராக நின்றார்கள். ஊராட்சியிலும் ஒன்றியத்திலும் உறுப்பினர் ஆனார்கள். அதுவரை ஓட்டுப் போடுகிறவர்கள். இப்போது ஓட்டுக் கேட்கிறவர்கள்! 2017-இல் ஒரு மாநில அமைச்சர் மேடையில் தங்களைப் பற்றி இழிவாகப் பேசிவிட்டார் என்று மறுபடியும் மூணாற்றில் வந்து உட்கார்ந்தார்கள். இம்முறை ஒரு பைசா கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டார்கள். 232 ரூபாய்க்கு இரங்கிய பலருக்கு இது புரியவில்லை. 'வார்த்தைதானே, விட்டுவிடலாமே' என்றார்கள். 'டா' என்ற ஒரே எழுத்துக்குப் பாதிச் சாப்பாட்டை மூடி வைத்த பெரியவரைப் பார்த்த எனக்குப் புரிகிறது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. 70 பேர் மாண்டார்கள். தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் குழந்தைகளும். மறுநாள் இரவு கோழிக்கோட்டில் விமான விபத்து. விமானத்தில் இறந்தவர்கள் குடும்பத்துக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம். பெட்டிமுடிக்கு 5 லட்சம். இரண்டும் துக்கம்தான். இரண்டு இடத்திலும் அழுத கண்ணீர் ஒரே உப்புதான். ஆனால் அரசாங்கத்தின் தராசில் ஒன்று மற்றதில் பாதி! ஏன் இந்த வித்தியாசம் என்று தோட்டத் தொழிலாளர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கண்ணீரோடுதான் கேட்டார்கள். அதனால் அது அறிவுள்ள கேள்வி இல்லை என்று ஆகிவிடுமா? சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் இருப்பதைத்தான் அவர்கள் கேட்டார்கள்.

அரசியல் சட்டம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் முகப்புரையில் நீதி, சுதந்திரம், சமத்துவம் என்ற வரிசையில் நான்காவதாகச் சகோதரத்துவம் என்று இருக்கிறது. முதல் மூன்றையும் ஓரளவு சட்டம் போட்டுத் தரலாம். நான்காவதை எந்தச் சட்டம் தர முடியும்? அது முழுக்க முழுக்க ஒரு உணர்ச்சி! தனிமனிதனின் மாண்பை அந்தச் சகோதரத்துவத்தோடுதான் முகப்புரை சேர்த்துக் கட்டியிருக்கிறது. அடுத்தவனுக்கு அவமானம் நேரும்போது நம் முகம் சுடவில்லை என்றால் மாண்பு காகிதத்தில்தான் இருக்கும். அம்பேத்கர் போன்ற பெரும் சட்ட மேதை தலைமையில் எழுதிய சட்டமே உணர்ச்சிக்கு இடம் கொடுத்திருக்கிறது. கம்பெனி கேட்டில் மட்டும் அதற்கு அனுமதி இல்லையாம்!

எல்லாம் வெற்றி என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். பெம்பிளை ஒருமைக்குள் பிளவுகள் வந்தன. பலர் பழைய சங்கங்களுக்கே திரும்பினார்கள். ஒன்பது நாள் ஒன்றாக உட்கார வைக்க ரோஷம் போதும். ஒன்பது வருஷம் ஒன்றாக வைத்திருக்க ரோஷத்தோடு கணக்குப் புத்தகமும், மாதக் கூட்டமும், மாற்றுக் கருத்தைப் பொறுக்கும் மனமும் வேண்டும். ஆனால் முதல் தீக்குச்சி இல்லாமல் அடுப்பு எரியாது அல்லவா?

நண்பர்களே, இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் செட் வெளியே போயிருக்கும். நம்மில் சிலர் அப்ரண்டிஸ் ஆவோம். சிலர் ஒப்பந்தத் தொழிலாளி ஆவோம். அவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் முகம் சிவக்கும்போது அதற்காக வெட்கப்படாதீர்கள். அது என்ன கணக்குச் சொல்கிறது என்று கேளுங்கள். பக்கத்து மெஷின்காரரிடம் சொல்லுங்கள். தனியாகக் குழாயடிக்குப் போகாதீர்கள்.

ஆனால் நம்மில் நிறையப் பேர் இரண்டு மூன்று வருஷத்தில் சூபர்வைசர் ஆவோம். டிப்ளமோவின் வேலையே அதுதான்: மேலே இன்ஜினியர், கீழே தொழிலாளி, நடுவில் நாம். ஒரு நாள் நம்மைவிட இரண்டு மடங்கு வயதான ஒருவர் கிழிந்த கையுறையோடு நம் முன்னால் வந்து நிற்பார். மேலேயிருந்து உற்பத்திக் கணக்குக் கேட்டு நெருக்குவார்கள். நமக்கும் எரிச்சல் வரும், வராமல் இருக்காது. அப்போது நம் வாயிலிருந்து "எமோஷனல் ஆகாதீங்க" என்ற வார்த்தை வரப்போகிறதா, இல்லை "ஸ்டோர்ல சொல்றேங்க ஐயா, வாங்கிக்குங்க" என்ற வார்த்தை வரப்போகிறதா? அதை இங்கே, இந்த மூன்று வருஷத்துக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே போய் முடிவு செய்ய நேரம் இருக்காது.

கடைசியாக ஒன்று. பதினைந்து நாள் பக்கத்தில் நின்றும் அந்தப் பெரியவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கே எல்லோரும் அவரை டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்கும் அந்த நம்பர்தான் நினைவிருக்கிறது. அடுத்த முறை ஒரு ஷாப்புக்குள் நுழையும்போது, முதலில் பெயரைக் கேட்பேன்.